பசி தீர்ந்ததும் ஆட்டமும் தீர்ந்துவிடுகிறது: உங்களுக்கும் இப்படித்தானா?

இரவுக்காவல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கே நடக்கும் உரையாடல்களை நீண்ட நாள்களாக வாசித்து வருகிறேன்; எழுதுவது இதுவே முதல்முறை. வயது நாற்பதை நெருங்குகிறது. மகள் உறங்கிய பிறகு இரவு பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு விளையாட வாய்க்கிறது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய மடிக்கணினி என்பதால், செட்டிங்ஸில் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டு ஓட்டுகிறேன். வியூக விளையாட்டுகளும் சர்வைவல் விளையாட்டுகளும்தான் எனக்குப் பிடித்தவை. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் ஒருபோதும் ஈடுபாடு வந்ததில்லை.

என் சிக்கல் இதுதான். எந்த விளையாட்டையும் தொடங்கிய முதல் வாரத்தில் அலுவலகத்தில்கூட அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வாரத்தில் அதைத் திறக்கவே கை போவதில்லை. வயதாகிவிட்டதால் பொறுமை குறைந்துவிட்டது என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன். சென்ற மாதம், பாதியில் விட்டவற்றின் சேவ் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே இடத்தில்தான் விட்டிருக்கிறேன்: களஞ்சியம் நிறைந்த இடத்தில்.

டோன்ட் ஸ்டார்வ் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் கிளே நிறுவனம் 2013-இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, எதையும் சொல்லித்தராமல் உங்களைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். பசி, உடல்நலம், மனத்தெளிவு என்று மூன்றே அளவுகள். இரவில் வெளிச்சம் இல்லாவிட்டால் இருட்டே உங்களைக் கொன்றுவிடும். என் முதல் ஆட்டத்தில் பெர்ரிப் பழங்களையும் முயல்களையும் தேடி ஓடியதில் புல் பறிக்க மறந்துபோனேன். அந்தி சாய்ந்தபோது பையில் மரக்கட்டை இருந்தது, தீ மூட்டத் தேவையான புல் ஒரு கட்டுகூட இல்லை. அந்த மூன்று நான்கு நொடிகளில் நான் பட்ட பதற்றத்தை எந்தப் பேய்ப்படமும் எனக்குத் தந்ததில்லை. இருபத்தோராம் நாள் குளிர்காலம் வருகிறது என்பதையும் செத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் இரண்டாவது குளிர்காலத்தைக் கடந்தபோது உலர்ந்த இறைச்சி மூன்று பெட்டிகளில் நிறைந்திருந்தது. வெப்பக் கல் கையில் இருந்தது. அடுத்த நாள் அந்த விளையாட்டைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

என்னை மிகவும் ஆட்டிவைத்தது ஃப்ராஸ்ட்பங்க். போலந்தின் லெவன் பிட் ஸ்டுடியோஸ் 2018-இல் வெளியிட்டது. உறைந்துபோன உலகத்தில் ஒரு பெரிய கொதிகலனைச் சுற்றி நகரம் எழுப்ப வேண்டும். அந்தக் கொதிகலனுக்கு இடைவிடாமல் நிலக்கரி போட வேண்டும். ஆட்கள் போதவில்லை என்றால் சட்டப் புத்தகத்தைத் திறந்து, குழந்தைகளையும் வேலைக்கு அனுப்பலாம் என்ற சட்டத்தில் கையெழுத்திடலாம். அது கட்டாயமில்லை, குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்கும் சட்டமும் அதே பக்கத்தில் இருக்கிறது. நிலக்கரி அன்றிரவு விடியும் வரை போதாது என்று தெரிந்ததும் நான் இரண்டாம் நாளே முதல் சட்டத்தில் கையெழுத்திட்டேன். பக்கத்து அறையில் என் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள் என்பது சிறிது நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. இருபத்துநான்கு மணி நேரத் தொடர்பணி ஆணை, உணவைக் கஞ்சியாக்கிப் பங்கிடும் சட்டம் என்று ஒவ்வொன்றும் அப்போதைக்கு நியாயமாகவே தோன்றின. இறுதிப் புயலைத் தாண்டியதும் நகரம் வளர்ந்த விதத்தை வேகமாக ஓட்டிக் காட்டி, நான் இயற்றிய சட்டங்களை வரிசையாகச் சொல்லி, இதெல்லாம் தகுமா என்று கேட்டது. அன்று பன்னிரண்டரை மணிக்குத்தான் படுத்தேன்.

அதே ஃப்ராஸ்ட்பங்கை இரண்டாம் முறை ஆடியபோது புயல் எப்போது வரும், எவ்வளவு நிலக்கரி வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. எந்தக் கொடிய சட்டமும் தேவைப்படவில்லை. நகரம் பிழைத்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்கணக்கு எழுதி முடித்ததுபோல் இருந்தது.

வால்ஹைம் ஒருவகையில் இதற்கு நேர்மாறு. அதில் பட்டினி கிடந்தாலும் சாக மாட்டீர்கள். சாப்பிட்டால் வலிமை கூடும், அவ்வளவுதான். புகைபோக்கி வைக்காமல் வீடு கட்டி, உள்ளே அடுப்பு மூட்டி, என் வீட்டுப் புகையிலேயே நான் மூச்சுமுட்டியதும், நானே வெட்டிய மரம் என் தலையில் விழுந்து செத்ததும் சிரிப்பான நினைவுகள். உலோகங்களை மந்திர வாசல் வழியாகக் கொண்டுபோக முடியாது, படகில்தான் ஏற்ற வேண்டும் என்ற ஒரு விதிதான் அந்த விளையாட்டை எனக்கு இரண்டு மாதம் தாங்கிப்பிடித்தது. சதுப்புநிலத்தில் தோண்டிய இரும்பை ஏற்றிக்கொண்டு, எதிர்காற்றில் இரவுக் கடலில் வரும்போது கடற்பாம்பின் தலை எழும்பும் காட்சிக்காகவே அதை வாங்கலாம். அந்த விதியைத் தளர்த்திக்கொள்ளும் வசதி பின்னாளில் வந்தது. நான் தளர்த்தினேன். அதுவும் முடிந்தது.

ஒரு நாகரிகத்தைச் சுற்றுச் சுற்றாக வளர்க்கும் சிவிலைசேஷன் ஆறாம் பாகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு குடியேறி, ஒரு வீரன், சுற்றிலும் தெரியாத நிலம் என்று தொடங்கும் முதல் நூறு சுற்றுகள் எனக்கு அமுதம். கடைசி நூறு சுற்றுகளில் "அடுத்த சுற்று" பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை. முடிக்காத ஆட்டங்கள் பதினாலு கிடக்கின்றன.

ஆகவே என் கேள்வி: வறுமையில் தொடங்கிச் செழிப்பில் முடிவதுதான் இவ்வகை விளையாட்டுகளின் இயல்பு என்றால், செழிப்பு வந்த பிறகும் முதல் மணி நேரத்தின் பதற்றத்தைத் தரும் விளையாட்டு ஏதேனும் உண்டா? நீங்கள் ஆடியவற்றில் அப்படி உணர்ந்ததை, ஏன் என்பதோடு சேர்த்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


காட்டுப்பன்றி340 எழுதியது:

நண்பரே, உங்கள் பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைக் கவனித்தீர்களா? எதையும் நீங்கள் எதிரே மனிதரை வைத்து ஆடவில்லை. கணினியோடு ஆடினால் எந்த ஆட்டமும் ஒருநாள் கணக்காகத்தான் மாறும், ஏனெனில் கணினி உங்களிடமிருந்து எதையும் கற்றுக்கொள்வதில்லை.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் ஆடுகிறேன். 1999-இல் வந்த விளையாட்டு. பிரவுசிங் சென்டரில் பக்கத்து இருக்கைக்காரனோடு தொடங்கியது, 2019-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் இன்றும் தொடர்கிறது. தொடக்கத்தில் மூன்று வில்லேஜர்கள் (வேலையாட்கள்), வேவு பார்க்கும் ஒரு ஸ்கவுட், 200 உணவு. ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 நொடி. அதாவது கையிலிருக்கும் உணவு நான்கு பேருக்குத்தான் போதும்; ஐந்தாவது ஆளுக்கான உணவை அந்த நூறு நொடிக்குள் ஆட்டிறைச்சியிலிருந்து தேற்றியாக வேண்டும், நடுவில் வீடும் கட்டியாக வேண்டும். வில்லேஜர்களை உருவாக்கும் டவுன் சென்டர் ஒரு நொடி சும்மா இருந்தாலும் அந்த நொடி திரும்ப வராது. பிறகு காட்டுப்பன்றி. ஒன்றில் 340 உணவு இருக்கிறது. ஆனால் ஓர் ஆள் போய் அம்பெய்து, அது துரத்த, டவுன் சென்டரை நோக்கி ஓடிவர வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஆள் காலி. என் பெயருக்குக் காரணம் புரிந்திருக்கும். எத்தனை வில்லேஜர்களை இப்படிப் பலிகொடுத்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

இதெல்லாம் தொடக்கம்தானே, இறுதியில் இதிலும் களஞ்சியம் நிறையுமே என்பீர்கள். இல்லை என்பதுதான் இந்த விளையாட்டின் அழகு. வரைபடத்தில் தங்கம் அளவோடுதான் இருக்கிறது. சமபலமுள்ள இருவர் ஒருவருக்கொருவர் ஆடும்போது, ஒரு மணி நேரத்துக்குள் சுரங்கங்கள் வற்றிவிடும். தங்கம் கேட்கும் நைட்டும் (குதிரைவீரன்) கிராஸ்போவும் (வில்லாளன்) வாங்கிப் பழகிய கை, அதன் பிறகு உணவும் மரமும் மட்டும் கேட்கும் ஈட்டிக்காரனுக்கும், எறியீட்டி வீசும் ஸ்கர்மிஷருக்கும் இறங்கி வர வேண்டும். இதைத்தான் நாங்கள் டிராஷ் சண்டை என்கிறோம். அப்போது மடாலயத்தில் வைத்திருக்கும் இரண்டு ரெலிக்குகளிலிருந்து (புனிதப் பொருள்கள்) சொட்டுச் சொட்டாக வரும் தங்கத்துக்குக் கோட்டையை விடப் பெரிய மதிப்பு வந்துவிடும். சந்தையில் மரத்தை விற்கலாம், ஆனால் ஒவ்வொரு விற்பனைக்கும் விலை இறங்கிக்கொண்டே போகும். நீங்கள் தேடும் செழிப்புக்குப் பிந்தைய வறுமை இங்கே இருக்கிறது.

2022-இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கத்தில் திராவிடர் என்ற நாகரிகமும், இராசேந்திர சோழரின் படையெடுப்புகளைச் சொல்லும் தொடராட்டமும் இருக்கின்றன. ஒவ்வொரு காலத்துக்கு முன்னேறும்போதும் 200 மரம் இலவசமாகக் கிடைக்கும். கப்பலும் காலாட்படையும் வலிது. ஆனால் நைட் கிடையாது. திறந்த வெளியில் குதிரைப்படையோடு வருபவரிடம் திண்டாடித்தான் போவீர்கள். உருமி வீரனைப் பார்த்த மகிழ்ச்சியில் நான் முதல் பத்து ஆட்டங்களைத் தோற்றேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

உங்கள் மடிக்கணினியில் ஓடும். விருப்பம் என்றால் ஒரு வெள்ளிக்கிழமை அழையுங்கள்.


அடுத்தசுற்று எழுதியது:

சிவிலைசேஷனை நான்கு வரியில் கடந்துபோனதை ஏற்க எனக்கு மனமில்லை என்றாலும், நீங்கள் சொன்ன குறை உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணம் செழிப்பு என்று நான் நினைக்கவில்லை. முதல் சுற்றில் ஒரே ஒரு முடிவு எடுக்கிறோம்: நகரத்தை ஆற்றங்கரையில் அமைப்பதா, இரண்டு கட்டம் தள்ளிக் கடலோரத்தில் அமைப்பதா. அந்த ஒரு முடிவு ஐந்து மணி நேரத்துக்குப் பின்னும் நம்மைப் பின்தொடர்கிறது. முந்நூறாவது சுற்றில் நாற்பது முடிவுகள் எடுக்கிறோம். அவற்றில் ஒன்றுகூட ஆட்டத்தை மாற்றுவதில்லை. வேலை பெருகி, எடை குறைந்துவிடுகிறது. பதற்றம் போவதற்குக் காரணம் அதுதான்.

இதை உருவாக்கியவர்களும் அறியாமல் இல்லை. 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் வரைபடத்தின் ஒரு கட்டத்துக்கு ஒரே படை என்ற விதி வந்தபோது, இருபது படைகளை ஒரே இடத்தில் குவித்துத் தள்ளும் பழக்கம் ஒழிந்து, ஒவ்வொரு வில்லாளனையும் எந்த மேட்டில் நிறுத்துவது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. ஆறாம் பாகத்தில் நகரத்தின் பகுதிகளை நிலத்தில் பரப்பிக் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2025-இல் வந்த ஏழாம் பாகம் இன்னும் துணிந்து, ஆட்டத்தையே மூன்று காலங்களாக வெட்டிவிட்டது; முதல் இரண்டு காலங்களின் இறுதியிலும் நெருக்கடி வரும், அதன்பின் தலைவர் மாறாமல் நாகரிகம் மாறும். ஏறக்குறைய உங்கள் கேள்விக்கான விடை என்றே சொல்லலாம். எனக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு. மூவாயிரம் ஆண்டுகள் கட்டி வளர்த்த அரசு பாதியில் பெயர் மாறுவதைப் பார்க்கும்போது, குடியிருந்த வீட்டை யாரோ காலி செய்யச் சொன்னதுபோல் இருக்கிறது. பற்றாக்குறையைத் திரும்பக் கொண்டுவருவது எளிது. அதை ஆடுபவரின் தவறால் வந்ததாக உணரச் செய்வதுதான் கடினம்.

அந்தக் கடினமான காரியத்தைச் செய்த ஒன்றை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். இன்ட்டு தி பிரீச், 2018. எட்டுக்கு எட்டு கட்டங்கள் கொண்ட சிறு பலகை, சதுரங்கப் பலகை அளவுதான். உங்களிடம் மூன்று இயந்திரங்கள். எதிரிகள் அடுத்து எதைத் தாக்கப்போகிறார்கள் என்பதை முன்னதாகவே காட்டிவிடுவார்கள். எல்லாம் கண்ணெதிரே இருந்தும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. ஒரு கட்டடம் இடிந்தால் மின்தொடரில் ஒரு புள்ளி போகும். அந்தத் தொடர் தீர்ந்தால் எல்லாம் முடிந்தது. எதிரியைக் கொல்வதைவிட, ஒரு கட்டம் நகர்த்திவிட்டு அவன் அடி அவன் கூட்டாளி மேலேயே விழச் செய்வதில்தான் சூட்சுமம். நேற்று ஒரே சுற்றை இருபது நிமிடம் வெறித்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறிப்போனது. ஓர் ஆட்டம் உங்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், தோற்றால் இயந்திரங்களை ஓட்டுபவர்களில் ஒரே ஒரு விமானியை மட்டும் அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பிவைக்கலாம். களஞ்சியம் நிறைவதற்கு அதில் நேரமே கிடையாது.


ஜாம்போத்தல் எழுதியது:

வணக்கம். ஃப்ராஸ்ட்பங்க் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தபின், அதே நிறுவனம் அதற்கு முன்னர் 2014-இல் வெளியிட்ட திஸ் வார் ஆஃப் மைன் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுவே சரியான விடை என்று நினைக்கிறேன், ஆனால் அதை மகிழ்ச்சியோடு பரிந்துரைக்க என்னால் இயலாது.

1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டு அது. ஊரின் பெயர் கற்பனை. நீங்கள் போர்வீரர் அல்லர். இடிந்த வீடொன்றில் பதுங்கியிருக்கும் மூன்று பொதுமக்கள். பகலில் வெளியே போக முடியாது, குறிபார்த்துச் சுடுவார்கள். வீட்டுக்குள் கட்டில் செய்யலாம், அடுப்புச் செய்யலாம், மழைநீர் பிடிக்கலாம். இரவில் ஒருவர் மட்டும் வெளியே சென்று பொருள் தேடி வரலாம். அவரவர் சுமக்கும் அளவு வேறு. தீயணைப்பு வீரராக இருந்த மார்க்கோவால் அதிகம் சுமக்க முடியும். சமையல்காரர் புருனோ குறைந்த விறகில் சமைப்பார், ஆனால் அவருக்குச் சிகரெட் இல்லாவிட்டால் முகம் இருண்டுவிடும்.

ஒரு முதிய தம்பதியின் வீடு வரும். எதிர்ப்பவர் எவரும் இல்லை. பெட்டி நிறைய உணவும் மருந்தும் இருக்கும். எடுக்கத் தொடங்கினால் அந்தக் கிழவர் பின்னாலேயே வந்து, மனைவிக்கு நோய், மருந்தை எடுக்காதீர்கள் என்று கெஞ்சுவார். தடுக்க மாட்டார். நான் எடுத்தேன். மறுநாள் என் ஆட்கள் மூவருமே துவண்டுபோயிருந்தார்கள். ஒருவர் எழுந்து வேலை செய்ய மறுத்துவிட்டார். பொருள் கூடிய அதே இரவில் ஆட்களைக் குறைத்துவிடுகிறது இந்த விளையாட்டு. போர் எத்தனையாம் நாளில் ஓயும் என்பதும் உங்களுக்குச் சொல்லப்படுவதில்லை, ஆகவே எவ்வளவு சேர்த்தால் போதும் என்ற கணக்குக்கே இடமில்லை. பாடசாலைகளில் பயன்படுத்தப் பரிந்துரைக்கப்படும் பட்டியலில் இதைச் சேர்ப்பதாகப் போலந்து அரசு 2020-இல் அறிவித்தது. அது வியப்பான செய்தியாக எனக்குத் தோன்றவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் சிறுவனாக இருந்தேன். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடாக இருந்ததால், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, அந்தச் சிறு சுடரில்தான் நாங்கள் படித்தோம். வானொலிச் செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றுவது என் வேலை. விளையாட்டிலும் ஒரு வானொலி செய்து வைத்தால், வானிலையும் சந்தை விலைகளும் தெரியவரும். என் ஆள் அதன் முன்னால் குந்தியிருந்தபோது, என் கை தானாகச் சுற்றுவதற்குத் தயாரானது.

அம்மா இப்போது எங்களோடு ரொறன்ரோவில் இருக்கிறார். ஒருநாள் மாலை என் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டில் குளிர்காலம் தொடங்கியிருந்தது. அடுப்பெரிக்க ஒன்றும் இல்லை. புத்தகங்களை வாசிக்கவும் வைக்கலாம், எரிக்கவும் செய்யலாம். நான் எரிப்பதைத் தெரிவுசெய்யப் போனபோது அம்மா சொன்னார்: "புத்தகத்தை எரிக்காதை மோனை. கதிரையை உடை." எத்தனையோ மணி நேரம் ஆடியும் எனக்குத் தோன்றாத யோசனை அது. அந்த வீட்டில் நாற்காலி இருக்கிறது என்பதையே நான் கவனித்திருக்கவில்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கதவைத் தட்டி உதவி கேட்கும் அயலவர்கள் விளையாட்டில் வருகிறார்கள், ஆனால் அவர்கள் ஒரு நிகழ்ச்சியாக வந்து போய்விடுகிறார்கள். நான் அறிந்த தட்டுப்பாட்டில் சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வரிசை இருந்தது. அந்த வரிசையில் வதந்தி இருந்தது. சீனி வந்திருக்கிறதாம் என்று ஓடிப்போய்ச் சொல்லும் பக்கத்து வீட்டுப் பெண் இருந்தாள். பசியை இந்த விளையாட்டு நன்றாகவே அறிந்திருக்கிறது, வரிசையை அறியவில்லை. நான் ஒருமுறை முடித்தேன். மூவரில் இருவர் மிஞ்சினார்கள். மறுபடி ஆடவில்லை, ஆனால் அது நீங்கள் சொல்லும் சலிப்பினால் அல்ல.


பழையகணினி எழுதியது:

மேலே எழுதியவர்கள் அனைவரும் பெரிய விடைகளைச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சிறிய நுட்பத்தை மட்டும் சேர்க்கிறேன்: ரிம்வேர்ல்டு. 2018-இல் முழுமையடைந்த விளையாட்டு, உங்கள் மடிக்கணினிக்கு அது ஒரு பாரமே அல்ல.

விண்கலம் உடைந்து மூன்று பேர் ஒரு கோளில் விழுகிறார்கள். பயிரிட்டு, சுவரெழுப்பி, பிழைக்க வேண்டும். இதில் கொள்ளையர் படையின் அளவு உங்கள் குடியிருப்பின் மொத்தச் செல்வத்தைப் பொறுத்துக் கூடுகிறது. வெள்ளியைக் குவித்தால், தரையெல்லாம் பளிங்கு பதித்தால், அதற்கேற்ற கூட்டம் வாசலுக்கு வரும். நீங்கள் எந்த இடத்தில் விளையாட்டை மூடுகிறீர்களோ, அந்த இடத்தில்தான் இது உங்கள் கழுத்தைப் பிடிக்கிறது. என் குடியிருப்பு ஒன்றில், தோலாடைகளை விற்காமல் ஒரு கிடங்கு முழுவதும் சேர்த்து வைத்திருந்தேன். எவரும் அணியவில்லை, எவருக்கும் பயனில்லை. அந்தக் கிடங்கின் மதிப்புக்கும் சேர்த்துத்தான் படை வந்தது. தையற்காரியையும் சமையற்காரரையும் அந்த மாலையே இழந்தேன்.

இன்னொன்று, அங்குள்ள மனிதர்களுக்கு மனம் இருக்கிறது. போரில் கால் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டவன், மேசை இல்லாமல் தரையில் உட்கார்ந்து சாப்பிட நேர்ந்ததற்காக மனம் குமைவான். அதனோடு அழுக்கான அறை, உறக்கமின்மை, நண்பனின் மரணம் என்று சில சேர்ந்துகொண்டால், ஒருநாள் திடீரென்று எழுந்து கையில் கிடைத்ததை அடித்து நொறுக்குவான். தரையில் இலை போட்டுச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இந்த மேசை விவகாரம் இன்றுவரை விளங்கவில்லை.

என்ன நிகழ்ச்சி எப்போது வரும் என்று தீர்மானிக்கும் கதைசொல்லியாக ராண்டியைத் தேர்ந்தெடுங்கள். அவன் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாதவன். ஒரே வாரத்தில் நோயும் தீயும் அனுப்புவான், அடுத்த மாதம் முழுவதும் வானத்திலிருந்து உணவுப் பொட்டலம் போடுவான்.

மற்றபடி, காட்டுப்பன்றி அவர்கள் சொல்லும் ஆன்லைன் ஆட்டத்தைக் குழந்தை உறங்கும் வீட்டில் ஆடுவது எளிதல்ல. நடுவில் நிறுத்த முடியாது. மகள் எழுந்து தண்ணீர் கேட்டால் உங்கள் டவுன் சென்டர் சும்மாதான் நிற்கும்.


இரவுக்காவல் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன், அதற்குள் சிலவற்றை ஆடிப் பார்த்துவிட்டேன்.

இன்ட்டு தி பிரீச் என்னை முழுமையாக வென்றுவிட்டது. அடுத்தசுற்று அவர்கள் சொன்ன எடை என்ற சொல்லின் பொருள் இரண்டாம் தீவில் விளங்கியது. மின்தொடரில் ஒரே புள்ளி மீதி. அணையைக் காப்பதா, குடியிருப்பைக் காப்பதா என்று உட்கார்ந்திருந்து, மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்பதைப் பதினைந்து நிமிடம் கழித்துக் கண்டுபிடித்தேன்: என் இயந்திரத்தையே தாக்குதலின் குறுக்கே நிறுத்திவிடலாம். விமானி இறந்தார், ஊர் பிழைத்தது. அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போகும் பேருந்தில், அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நான்காவது வழியும் நினைவுக்கு வந்தது.

ரிம்வேர்ல்டில் செல்வத்துக்கேற்ற படை என்பதை அறிந்தபின் நான் கஞ்சனாகிவிட்டேன். வேண்டுமென்றே ஏழையாகவே இருக்கிறேன். இது சரியான முறையா, ஏமாற்றா என்று பழையகணினி அவர்கள்தான் சொல்ல வேண்டும். மேசை மட்டும் முதல் நாளே செய்துவிட்டேன்.

ஜாம்போத்தல் அவர்களுக்கு: திஸ் வார் ஆஃப் மைன் வாங்கினேன். இன்னும் முடிக்கவில்லை, பதினெட்டாம் நாளில் நிற்கிறேன். அந்த முதியவர் வீட்டுக்குப் போனேன், ஒன்றும் எடுக்காமல் திரும்பினேன். அதனால் பாவ்லே இரண்டு நாள் பசியோடிருந்தான், அதற்கும் நான்தான் காரணம். குளிர் தொடங்கிய இரவில் வீட்டில் இரண்டு புத்தகங்களும் ஒரு நாற்காலியும் இருந்தன. உங்கள் தாயார் சொன்னபடியே செய்தேன். அவர்களிடம் சொல்லுங்கள்.

காட்டுப்பன்றி அவர்களே, வரும் வெள்ளிக்கிழமை மகள் பாட்டி வீட்டுக்குப் போகிறாள். பத்து மணிக்கு லாபி திறந்து வையுங்கள். எனக்குத் திராவிடர், உங்களுக்கு எது வேண்டுமானாலும். நைட் உள்ள நாகரிகம் மட்டும் வேண்டாம்.